மட்டில்டா ஸ்மித்: காய்ந்த செடியிலிருந்து உயிருள்ள உருவத்தை மீட்ட தாவர ஓவியர்

நொய்யல்கரை எழுதியது:

தாவர ஓவியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தோட்டத்தில் அமர்ந்து மலர்ந்த பூவைப் பார்த்து வண்ணம் தீட்டும் ஒரு பெண்ணின் உருவம்தான். அந்த உருவத்துக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி இந்த இழையில் பேச விரும்புகிறேன். கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் எனக்கு, வகைப்பாட்டியல் பாடத்தில் எவருடைய பெயரையாவது மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால், அது மட்டில்டா ஸ்மித்தின் பெயர்தான்.

அவர் 1854 ஜூலை 30 அன்று பம்பாயில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டது. இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் அவருக்குத் தூரத்து உறவினர். ஹூக்கரின் பொறுப்பில் வெளிவந்துகொண்டிருந்த கர்டிஸ் தாவரவியல் இதழ் 1787-இல் தொடங்கப்பட்டது. அதன் ஒவ்வொரு படமும் அச்சான பிறகு கையால் வண்ணம் தீட்டப்பட்டது. அந்த வழக்கம் 1948 வரை நீடித்தது. நெடுங்காலம் அந்த இதழுக்கு வரைந்த வால்டர் ஹூட் ஃபிட்ச், ஊதியம் தொடர்பான பிணக்கால் 1877-இல் விலகினார். இதழ் நின்றுவிடாமல் காப்பதற்கு ஹூக்கரின் மகள் ஹாரியட் சில ஆண்டுகள் வரைந்தார். அதே காலத்தில் ஹூக்கர் தம் உறவுப் பெண்ணான மட்டில்டாவைப் பயிற்றுவித்தார். 1878-இல் அவருடைய முதல் படம் வெளியானது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்த இதழின் ஒரே ஓவியர் என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார். 1923 வரை அவர் அதற்கு வரைந்த படங்கள் 2300-க்கும் மேல். ஹூக்கரின் தாவரப் படத்தொகுதிக்கு வரைந்தவை 1500-க்கும் மேல். 1898-இல் கியூ அவரைத் தன் முதல் அதிகாரபூர்வ தாவர ஓவியராக நியமித்தது.

எண்ணிக்கையைச் சொன்னதற்குக் காரணம் வியப்பூட்டுவதன்று. அவற்றில் ஒரு பெரும் பகுதி, அவர் உயிரோடு பார்த்தேயிராத செடிகளின் படங்கள். பிற கண்டங்களில் யாரோ பறித்து, தாள்களுக்கிடையே அழுத்தி, கப்பலில் அனுப்பிய தட்டையான, பழுப்பேறிய, சில சமயம் பாதி உதிர்ந்துபோன மாதிரிகளிலிருந்து அவர் செடியை மீட்டெடுத்தார். நியூசிலாந்துச் செடிகளை விரிவாக வரைந்த முதல் தாவர ஓவியர்களுள் ஒருவராக அவர் கருதப்படுவதும் இவ்வாறுதான். இந்தத் திறமை எத்தகையது, அதற்குரிய மதிப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.


பவானிக்கூடல் எழுதியது:

நல்ல இழை, அம்மா. எனினும் மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்க வேண்டும். ஃபிட்ச்சின் படங்களையும் ஸ்மித்தின் தொடக்ககாலப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஃபிட்ச்சின் கோட்டில் இருக்கும் துணிவு ஸ்மித்திடம் இல்லை என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஃபிட்ச் இலையைத் திருப்பி வளைத்துக் காட்டும் இடத்தில் ஸ்மித் அதை அடக்கமாகக் கிடத்திவிடுகிறார். உறவினர் என்பதால் வாய்ப்புக் கிடைத்தது என்ற கோணத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

மேலும், இன்று கைப்பேசியிலேயே இதழின் நரம்பு தெரியும் அளவுக்குப் படம் எடுக்க முடிகிறது. தாவர ஓவியம் ஒரு காலத்தின் தேவை, அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று ஏன் கருதக் கூடாது?


நொய்யல்கரை எழுதியது:

ஐயா, முதல் கருத்தை ஓரளவு ஏற்கிறேன். அவருடைய தொடக்ககாலப் படங்களில் விறைப்பு உண்டு. ஆனால் ஃபிட்ச் பல்லாண்டுத் தேர்ச்சியோடு விலகிய இடத்தில், இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருவர், மாதந்தோறும் வெளிவந்தாக வேண்டிய இதழுக்காக, வேலை செய்துகொண்டே வேலையைக் கற்றார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபிட்ச்சின் படங்களை அச்சுக்கான கல்லில் வேறு எவரும் ஏற்றவில்லை, அவரே நேரடியாக ஏற்றினார். அவருடைய கோட்டின் வீச்சு அப்படியே தாளுக்கு வந்தது. ஸ்மித்தின் ஓவியங்களைக் கல்லச்சுக்கு மாற்றியவர் வேறொருவர், ஃபிட்ச்சின் உறவினரான ஜான் நியூஜென்ட் ஃபிட்ச். ஆகவே நாம் பார்ப்பது இரண்டு கைகளைக் கடந்து வந்த கோடு. அதை வைத்து அவருடைய துணிவை அளப்பது சரியாகாது என்பது என் எண்ணம்.

உறவினர் என்பதால் கதவு திறந்தது உண்மைதான். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கியூவின் கதவு வேறு எந்த வகையில் திறந்திருக்கும்? திறந்த பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்த வேலையை நிறைவேற்றியது உறவு அன்று.

நிழற்படம் பற்றிய கேள்விக்கு இங்கே இருக்கும் மற்றவர்கள் என்னைவிட நன்றாக விடை சொல்வார்கள்.


மூலனூர்த் தோட்டம் எழுதியது:

நான் ஓவியம் அறிந்தவன் அல்லன். தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடும் விவசாயி. செங்காந்தள் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். விதைக்காகவே வளர்க்கிறோம், மருந்துக்குப் போகிறது. நொய்யல்கரை அம்மா எழுதியதைப் படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

கண்வலிப் பூ தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். ஆனால் சூல்தண்டு அவற்றோடு சேர்ந்து இருக்காது. அடியிலேயே ஏறக்குறைய நேர்கோணத்தில் மடிந்து, ஒரு பக்கமாக விலகிப் போயிருக்கும். அதனால்தான் தானாகக் காய் பிடிப்பது குறைவாக இருக்கிறது. காலையில் ஆட்களை விட்டு, மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்கிறோம். அந்தக் கோணம் எங்களுக்குக் கூலிச் செலவு, ஆகவே அதை நாங்கள் மறப்பதில்லை.

இந்தப் பூவை இரண்டு தாள்களுக்கு நடுவே அழுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். மேல்நோக்கி நின்ற இதழ் எது, பக்கவாட்டில் விரிந்த மகரந்தத் தாள் எது, விலகிய சூல்தண்டு எது என்பதெல்லாம் ஒரே தளத்தில் விழுந்துவிடும். நிறமும் போய்விடும். பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். காய்ந்த தாளில் இவை அனைத்தும் ஒரே பழுப்பு. இந்தக் கொடியையே பார்த்திராத ஒருவர் அந்தத் தாளிலிருந்து அந்தக் கோணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்தார் என்றால் அது பெரிய காரியம்.


உலர்தாள் எழுதியது:

மூலனூர் ஐயா கேட்ட கேள்விதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். உலர்தாவர மாதிரிகளிலிருந்து கோட்டோவியம் வரையும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில், அது எவ்வாறு நடக்கிறது என்று எழுதுகிறேன்.

ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாள்களில் ஒட்டிச் சேமிக்கும் இடத்தில், ஒரு தாளை எடுத்தவுடன் பென்சிலைத் தொடுவதில்லை. முதலில் தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்க வேண்டும். நல்ல சேகரிப்பாளர் பூவின் நிறம், செடியின் உயரம், வளர்ந்த இடம், பூ நிமிர்ந்திருந்ததா தொங்கியதா என்பதையெல்லாம் அங்கேயே எழுதியிருப்பார். எழுதாதவரின் தாள் வந்தால் வேலை இரட்டிப்பாகும். பிறகு, அனுமதி பெற்று, தாளோடு இணைத்த சிறு உறையில் இருக்கும் உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து, வெந்நீரில் சற்று நேரம் இட்டு மென்மையாக்க வேண்டும். அப்போது இதழ் மெல்ல விரியும். அந்த நேரம் குறுகியது. அதற்குள் நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் பிரித்து, இதழ்கள் மொட்டில் எந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன, மகரந்தத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது, சூலகத்தில் எத்தனை அறைகள் இருக்கின்றன என்பதைப் பார்த்து வரைந்துவிட வேண்டும். அவசரப்பட்டுக் கிழித்துவிட்டால் அந்தப் பூ திரும்ப வராது. அந்தத் தாள் ஒரு சிற்றினத்தின் மூல மாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கே ஆதாரமான மாதிரியாக இருந்தால், இழப்பு உலகத்துக்கே இழப்பு.

சூல்தண்டு மடிந்த கோணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உயிருள்ள நிலையிலேயே மடிந்த இடத்தில் திசு தடித்தும் சீராகவும் இருக்கும். அழுத்தியதால் மடிந்த இடத்தில் முறிவும் சுருக்கமும் இருக்கும். மொட்டைப் பிளந்து பார்த்தாலும் ஒரு துப்புக் கிடைக்கும். அதே சிற்றினத்தின் வேறு தாள்களில் செடி வேறு கோணத்தில் அழுந்தியிருக்கும். ஒரு தாளில் பக்கவாட்டுத் தோற்றம், மற்றொன்றில் முன்தோற்றம் என்று பலவற்றை ஒப்பிட்டு, முப்பரிமாண உருவம் ஒன்றை மனத்தில் கட்டிய பிறகுதான் முதல் கோடு போட முடியும். எனக்கு இதைக் கற்பித்த மூத்தவர், 'செடி எப்படி நின்றது என்று முடிவெடுக்கும் வரை கையை மடியில் வைத்துக்கொள்' என்பார்.

நிழற்படத்தைப் பற்றிப் பவானிக்கூடல் ஐயா கேட்டார். நிழற்படம் ஒரு நாளில், ஓர் இடத்தில், ஒரு கிளையைக் காட்டும். நம் ஊர்ப் புரசமரம் இலையெல்லாம் உதிர்ந்த பின் பூக்கும். பூவையும் இலையையும் காயையும் ஒரே படத்தில் எடுக்க எந்தக் கருவியாலும் இயலாது. ஓவியர் அவற்றை ஒரே தாளில், ஒரே அளவுகோலில், ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைக்கிறார். பூச்சி கடித்த துளையை விட்டுவிடுகிறார். அந்தச் சிற்றினத்தை அடையாளம் காட்டும் மயிரிழையை விடுவதில்லை. எதை விடுவது, எதை விடக் கூடாது என்ற முடிவு தாவரவியல் அறிவின்றி வராது. இன்றும் புதிய சிற்றினத்தை அறிவிக்கும் கட்டுரைகளில் நிழற்படத்தோடு கோட்டோவியமும் சேர்ந்து வெளிவருவதற்குக் காரணம் இதுவே.

ஸ்மித்தின் படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது பூவை அல்ல, தாளின் கீழ்ப்பகுதியில் எண்ணிட்டு வரிசையாக அமைந்திருக்கும் உட்பகுதிகளைத்தான். அங்கேதான் அவர் எத்தனை பொறுமையோடு அந்த மாதிரியை அணுகினார் என்பது தெரிகிறது. இலை அடக்கமாகக் கிடக்கிறது என்று பவானிக்கூடல் ஐயா எழுதினார். சான்று இல்லாத இடத்தில் இலையை வளைத்துக் காட்டாமல் இருப்பதும் ஒரு நேர்மை என்றே நான் கொள்கிறேன்.


பவானிக்கூடல் எழுதியது:

சகோதரி உலர்தாள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நிழற்படம் பற்றிய என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வேறொன்று மனத்தை உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நாம் கியூவைப் பற்றிப் பேசுகிறோம். 1840-களில் இதே கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளுக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் ராபர்ட் வைட், 1853-இல் முடித்த ஆறு தொகுதித் தாவரப் படநூலில் 2101 படங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வரைந்தவர்களுள் முதன்மையானவர்கள் முதலில் ரங்கய்யா, பின்னர் கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். இவர்களுடைய பிறந்த தேதியைச் சொல்ல நம்மிடம் யார் இருக்கிறார்கள்? ஸ்மித்துக்கு ஜூலை 30 என்று நாளும் கிழமையும் இருக்கிறது. புகழ் கிடைக்காதவர் என்று ஒருவரைச் சொல்லும்போது, யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?


நொய்யல்கரை எழுதியது:

சொல்ல வேண்டும், ஐயா. நீங்கள் சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வைட், கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதிக்கு) கோவிந்தூயியா என்று பெயரிட்டார். அதற்கு முன்பே தாவரவியலாளர் லிண்ட்லி சூட்டிய டிராபிடியா என்ற பெயர் அதே பேரினத்துக்கு உரியது என்று பின்னர் தெரிந்ததால், முந்தைய பெயருக்கே முதலிடம் என்ற விதிப்படி கோவிந்துவின் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது. ஸ்மித்தின் பெயரால் 1891-இல் தாவரவியலாளர் குன்ட்சே சூட்டிய ஸ்மித்தியாந்தா என்ற மெக்சிகோச் செடிகளின் பேரினம் இன்றும் வழக்கில் இருக்கிறது. விதி இருவருக்கும் ஒன்றே. விளைவு மட்டும் வேறாயிற்று. பெயர்ப் பட்டியலில் இடம் கிடைப்பதைப் புகழின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதற்கு இது போதும்.

ஆனால் ஸ்மித்தின் நிலையை அவர் காலத்துப் பெண்களோடு ஒப்பிட்டாலும் ஒரு வேறுபாடு தெரிகிறது. மரியான் நார்த், வசதியுள்ள குடும்பத்தில் பிறந்து, உலகமெங்கும் பயணம் செய்து, செடிகளை அவை வளரும் நிலத்தோடு சேர்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். 1882-இல் கியூவிலேயே அவர் பெயரில் தனிக் கூடம் திறக்கப்பட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அங்கே தொங்குகின்றன. அதே தோட்டத்தில், அதே ஆண்டுகளில், மேசைக்கு முன் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தவர் ஸ்மித். ஒருவரைக் காண மக்கள் கூடத்துக்கு வருகிறார்கள். மற்றவருடைய படங்களின் மூலையில் இருப்பது 'எம். எஸ்.' என்ற இரண்டு எழுத்துகள். நார்த்தின் சிறப்பை நான் குறைக்கவில்லை. அவருடைய துணிவு வேறு வகையானது. ஆனால் ஒரு செடியின் சூலகத்தில் எத்தனை அறைகள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வாளர் தேடிப் போவது ஸ்மித்தின் படத்தைத்தான்.

1921-இல் இலண்டனின் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் சங்கம் ஸ்மித்தை இணை உறுப்பினராக ஏற்றது; அந்தத் தகுதியைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். அந்தச் சங்கத்தில் பெண்கள் முழு உறுப்பினராவதற்கு வழி திறந்து அப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. ஆயிரக்கணக்கான செடிகளின் உட்கூறுகளைப் பிரித்துப் பார்த்து வரைந்தவருக்கு இணை உறுப்பினர் என்ற இடம்தான் கிடைத்தது என்பதை நான் வருத்தத்தோடுதான் கற்பிக்கிறேன். அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் வெள்ளி வீச் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. 1926 டிசம்பர் 29 அன்று காலமானார்.


சேர்வராயன் எழுதியது:

சேலத்துக்காரன் என்ற உரிமையில் ஒரு பெயர்: மார்கரெட் காக்பர்ன். சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்னின் மகள். 1829-இல் சேலத்தில் பிறந்தார், கோத்தகிரியில் வாழ்ந்தார், 1928-இல் காலமானார். நீலகிரியின் பறவைகளையும் செடிகளையும் வரைந்தார். இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய பறவையியலாளர் ஹியூமின் நூலில் இவருடைய கோத்தகிரிக் குறிப்புகள் பல இடங்களில் எடுத்தாளப்படுகின்றன. ஸ்மித்தைப் போல் ஊதியம் பெற்ற தொழிலாளர் அல்லர், ஆனால் தாம் வாழ்ந்த மலையில் நேரில் கண்டதை வரைந்தவர். உலர்ந்த தாளிலிருந்து வரைவது ஒரு கலை என்றால், இது அதற்கு எதிர்முனை. இரண்டையும் சேர்த்துப் பேசினால் இழை நிறைவுறும்.


ஆனைமலை மாணவி எழுதியது:

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். இளநிலைத் தாவரவியல் படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே வரைவேன். இந்த இழையை முதலிலிருந்து படித்து வந்தேன். ஸ்மித் கியூவில் மலர்ந்த பெரும் பூவை வரைந்தார் என்று வேறோர் இடத்தில் படித்தேன். அப்படியானால் அவர் உயிருள்ள செடிகளையும் வரைந்தாரா? உலர்தாள் அக்காவிடம் ஒரு கேள்வி: தொடங்குபவர் உலர்ந்த மாதிரியில் தொடங்க வேண்டுமா, உயிருள்ள செடியிலா? இதை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கும் விடை தெரிந்தால் நல்லது.


நொய்யல்கரை எழுதியது:

முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன், அம்மணி. கர்டிஸ் இதழ் பெரும்பாலும் தோட்டத்தில் மலர்ந்த செடிகளுக்கானது. அங்கே அவர் உயிருள்ள மாதிரிகளைப் பார்த்துத்தான் வரைந்தார். உலர்ந்த தாள்கள் ஹூக்கரின் படத்தொகுதிக்கும் பிற நூல்களுக்கும் உரியவை. நீங்கள் சொல்வது 1889-இல் கியூவில் மலர்ந்த சுமத்திராவின் பெருஞ்சேனை. நம் தோட்டங்களில் விளையும் சேனைக்கிழங்கின் பேரினம்தான் அதுவும். சேனையைத் தோண்டாமல் விட்டால் இலை வருவதற்கு முன் மண்ணை ஒட்டி ஒரு பூங்கொத்து வெடித்து வரும். அதன் அழுகல் நாற்றம் நம் விவசாயிகளுக்குத் தெரியும். அதைப் போலப் பன்மடங்கு பெரியது, ஆளுயரத்தையும் மிஞ்சுவது, ஓரிரு நாளில் சரிந்துவிடுவது. அந்த வாடைக்கு நடுவே நின்று, சரிவதற்குள் வரைந்து முடிக்க வேண்டியிருந்தது. படங்கள் 1891-இல் வெளியாயின. உலர்ந்த தாளில் பொறுமை வேண்டும், இங்கே விரைவு வேண்டும்; இரண்டும் அவரிடம் இருந்தன.


உலர்தாள் எழுதியது:

மாணவிக்கு. உயிருள்ள செடியிலேயே தொடங்குங்கள். ஆனால் வரைந்து முடித்த அதே கிளையை அழுத்தி உலர்த்தி, சில வாரங்கள் கழித்து அந்தத் தாளை மட்டும் பார்த்து மறுபடியும் வரையுங்கள். இரண்டு படங்களையும் அருகில் வைத்துப் பார்த்தால், அழுத்தும்போது எது தொலைகிறது, எது தங்குகிறது என்பதை எந்த ஆசிரியரும் சொல்ல வேண்டியதில்லை. இதழின் நிறமும் தண்டின் உருளை வடிவமும் முதலில் போகும். நரம்பின் அமைப்பும் மயிர்களும் கடைசிவரை நிற்கும். மூலனூர் ஐயா அனுமதித்தால் கண்வலிப் பூவைப்போலக் கடினமான பாடம் வேறில்லை.

தொழில் என்ற கேள்விக்கு நேர்மையான விடை: ஓவியர் என்ற பெயரில் மட்டும் நிலையான பணியிடங்கள் மிகக் குறைவு. வகைப்பாட்டியலைப் பாடமாக ஊன்றிப் படியுங்கள். ஆய்வு செய்பவரே வரையவும் தெரிந்தவராக இருந்தால், அந்தப் படத்துக்காக அவர் வேறொருவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை, வேறொருவரின் தவறும் படத்தில் நுழையாது. வீட்டில் கேட்பவர்களிடம் இதையே சொல்லுங்கள்.

பவானிக்கூடல் ஐயாவின் ஆதங்கத்துக்கு என்னால் செய்ய முடிந்த ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்திலும் மூன்று செய்திகளை எழுதாமல் தாளைக் கைவிடாதீர்கள் என்று இளையவர்களிடம் சொல்லி வருகிறேன்: எந்த மாதிரியிலிருந்து வரைந்தீர்களோ அதன் சேகரிப்பாளர் பெயரும் எண்ணும், அளவுகோல், உங்கள் முழுப் பெயர். மாதிரியின் எண் இல்லாத படத்தை யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத படம் அழகாக இருந்தாலும் சான்றாகாது. பெயரைச் சுருக்கி இரண்டு எழுத்தாக இடாதீர்கள், முழுதாக எழுதுங்கள், தேதியையும் இடுங்கள். மையால் எழுதுங்கள், பென்சில் காலப்போக்கில் தேய்ந்துவிடும்.